இரண்டு வார்த்தையோடு பெர்மியோ போனேன்

"இங்கிலீசு அறியாதுன்னு பயப்படாத," என்று சவூதியிலிருந்து போனில் தைரியம் சொன்னார் என் வீட்டுக்காரர். "எவனாவது என்னமாவது கேட்டா 'எஸ்' சொல்லு. போவும்போ 'பாய்' சொல்லு. ரெண்டு வார்த்த போதும். நான் பத்து வருசமா இங்க அத வச்சுத்தான் ஓட்டுறேன்."

அந்த இரண்டு வார்த்தையை நம்பித்தான், குளச்சலில் தையல் கடை வைத்திருக்கும் நான், ஸ்பெயின் தேசத்தின் வடகரையில் இருக்கும் பெர்மியோ என்ற ஊருக்குப் புறப்பட்டேன். அது பாஸ்க் மக்களின் பழைய மீன்பிடித் துறைமுகம். ஒரு காலத்தில் அங்கிருந்து திமிங்கிலம் பிடிக்கப் போனார்களாம். இப்போது சூரை மீன் பிடிக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து என் தம்பி ஆன்றோவும் பிடிக்கிறான்.

ஊர் பார்க்கவா போனேன்? பெண் பார்க்கப் போனேன். ஆன்றோ நாலு வருடம் சீஷெல்ஸ் தீவுப் பக்கம் ஒரு பெரிய கப்பலில் சூரை பிடித்துக்கொண்டிருந்தான். அங்கே துறைமுகத்தில் மீனை எடைபோட்டு எழுதும் வேலைக்கு வந்திருந்த பெர்மியோக்காரி ஒருத்தியைப் பார்த்தான். அவள் ஊருக்குத் திரும்பியபோது இவனும் பின்னாலேயே போய் அங்கே ஒரு படகில் ஏறிக்கொண்டான். பிறகு ஒரு நாள் போனில், "கெட்டுனா இவளத்தான் கெட்டுவேன்," என்றான். நானோ அவனுக்காகக் குழித்துறையில் ஒரு நர்ஸ் பெண்ணைப் பார்த்து, போட்டோ வாங்கி, அவர்கள் வீட்டில் இரண்டு தடவை காப்பி குடித்து, வாக்குக் கொடுப்பது ஒன்றுதான் பாக்கி என்கிற நிலையில் இருந்தேன். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அம்மா இரண்டு நாள் ஜெபமாலை உருட்டினாள். மூன்றாம் நாள் தீர்ப்புச் சொன்னாள். "ஏட்டி ஸ்டெல்லா, நீ போயிப் பாரு. ஒனக்குப் புடிச்சா எனக்கும் செரி. புடிக்கலன்னா அவன் காதப் புடிச்சு இழுத்துட்டு வந்துரு." ஆன்றோவும் ஒத்துக்கொண்டான். "எக்கா வேண்டாம்னா நான் கெட்ட மாட்டேன்," என்று அம்மாவிடம் சத்தியம் செய்தான். ஆக, கல்யாணம் என்னுடைய ஒரே ஒரு வார்த்தையில் நின்றது. எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். மறைக்காமல் சொன்னால், பெட்டியில் குடம்புளி, நெத்திலிக் கருவாடு, தேங்காய் எண்ணெய் எல்லாம் கட்டும்போதே 'வேண்டாம்' என்ற வார்த்தையையும் அடியில் மடித்து வைத்துத்தான் பூட்டினேன்.

விமானக் கதை எல்லோரும் எழுதுவதுதான். நேராகக் கடைசி ரயிலுக்கு வருகிறேன். ஆன்றோ கடலுக்குப் போயிருந்தான். மறுநாள் காலைதான் படகு கரைக்கு வரும். பெண் பெர்மியோ ஸ்டேஷனில் வந்து நிற்பாள் என்று ஏற்பாடு. சின்ன ரயில். ஒரு பக்கம் பச்சைக் குன்று, மறு பக்கம் கழிமுகம். எனக்கு எதிரே இரண்டு பாட்டிமார் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி கதை சொல்ல, மற்றவள் மூச்சுக்கு மூச்சு "பாய், பாய், பாய்" என்றாள். எங்கள் குளச்சல் சந்தையில் "பாய்" என்று கூப்பிட்டால் கடைக்குப் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நானும் பழக்கத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தேன். ஒரு பாயையும் காணவில்லை.

ஒரு ஸ்டேஷனில் வண்டி நின்றது. கடல் தெரிந்தது, படகு தெரிந்தது. பக்கத்தில் இருந்த வட்டத் தொப்பிக் கிழவரிடம், "பெர்மியோ?" என்று கேட்டேன். அவர் "எஸ், எஸ்!" என்றார். அட, இங்கிலீஷ் தெரிந்த மனிதர் என்று சந்தோஷத்தோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். கதவு மூடியதும் கிழவர் கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கையை ஆட்டினார். இவ்வளவு பாசமாக வழியனுப்புகிறாரே என்று நானும் "பாய், பாய்!" என்று கையாட்டினேன். வண்டி போன பிறகு பலகையைப் பார்த்தேன். முந்தாக்கா என்று எழுதியிருந்தது. பெர்மியோ அடுத்த ஸ்டேஷன்.

வாய் கூசாமல் பொய் சொல்லிவிட்டுப் போகிறானே கிழவன் என்று நான் குளச்சல் பாஷையில் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது. ஊசி போலச் சாரல் விழுந்துகொண்டிருந்தது. ரோட்டுக்கு வந்து நின்றேன். ஒரு மீன் வேன் வந்தது. ஓட்டி வந்த பெண் என்னையும் பெட்டியையும் பார்த்து நிறுத்தினாள். "பெர்மியோ" என்றேன், கதவைத் திறந்தாள். உள்ளே ஐஸும் மீனும் கலந்த வாடை. இரண்டு நாளாக ஏதேதோ சென்ட் வாடையில் கிடந்த எனக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

அவள் விலாசச் சீட்டைப் பார்த்துப் பழைய துறைமுகத்து ஓரம் ஒரு வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டாள். நாலு மாடி உயரமும் நாலு முழ அகலமுமாக, பச்சையும் சிவப்பும் நீலமும் அடித்த வீடுகள், தோளோடு தோள் இடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நிற்கின்றன. கதவைத் தட்டினேன். ஏப்ரன் கட்டிய ஒரு அம்மா திறந்தாள்.

"நேரேயா வீடு?" என்றேன். நேரேயா என்பதுதான் பெண்ணின் பெயர். கேட்டாலே நம்மூர்க் கேள்வி மாதிரி இருக்கும். வந்தியா, தின்னியா, நேரேயா.

அந்த அம்மா கண்ணை அகல விரித்து, "பாய்! பாய், பாய், பாய்!" என்று கத்திவிட்டு உள்ளே ஓடினாள். காற்றில் கதவு என் முகத்தில் அறைந்து சாத்திக்கொண்டது.

எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. கடல் தாண்டி வந்தவளை, ஒரு வாய் தண்ணீர் கூடக் கொடுக்காமல், வாசலிலேயே 'பாய், பாய்' என்று அனுப்புகிற குடும்பமா? குழித்துறையில் எனக்கு முறுக்கும் நேந்திரம் சிப்ஸும் வைத்தார்கள்! பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தேன். சம்பந்தம் முறிந்தது என்று மனசுக்குள் அறிக்கை எழுதிக்கொண்டே துறைமுகத்து ஓரப் பூங்காவில் ஒரு பெஞ்சில், நனைந்தபடி உட்கார்ந்தேன்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. அந்த அம்மா வீட்டுச் செருப்போடு, குடையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் ஸ்டேஷனிலிருந்து தலைதெறிக்க ஓடி வந்தாள் உயரமான ஒரு பெண். கட்டையாக வெட்டிய முடி, நனைந்த மூக்கு. என் முன்னால் வந்து நின்று, கை கூப்பி, சுத்தமான தமிழில் கேட்டாள்.

"மக்கா, வந்தியா?"

நான் அவளைவிடப் பத்து வயது மூத்தவள். வருங்கால நாத்தனார். என்னைப் பார்த்து 'மக்கா, வந்தியா'வா? ஆனால் அந்தச் சாரலில், அந்தத் தேசத்தில், அந்த வார்த்தையைக் கேட்டதும் கோபமும் சிரிப்பும் முட்டிக்கொண்டு, சிரிப்பு ஜெயித்தது. ஆன்றோ ஊர்க் கூட்டாளிகளோடு போனில் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத்தான் அவள் தமிழ் படித்திருக்கிறாள். 'வாருங்க, இரிங்க' எல்லாம் அவள் காதிலேயே விழவில்லை.

வீட்டில் துவாலை தந்தார்கள், சூடாகச் சூப் தந்தார்கள். நேரேயா தனக்குத் தெரிந்த தமிழிலும் கை ஜாடையிலும் விளக்கினாள். அவர்கள் பாஷையில் 'பாய்' என்றால் 'ஆமாம்'. அவள் அம்மா மிரேன், "ஆமா, ஆமா, இந்த வீடுதான்!" என்று சொல்லிவிட்டு, நான் வந்துவிட்டதை மகளுக்குப் போனில் சொல்லத்தான் உள்ளே ஓடியிருக்கிறாள். ரயில் பாட்டிமாரின் 'பாய்' கணக்கும் அத்தோடு தீர்ந்தது.

இரண்டாம் நாள் காலையில் நேரேயா என்னைத் துறைமுகத்துக்குக் கூட்டிப் போனாள். வழியில் கடலைப் பார்த்தபடி ஒரு சிலை. புயலைப் பார்த்து நிற்கும் ஒரு மீனவக் குடும்பம். அதன் முன் அவளும் நின்றாள், நானும் நின்றேன். இருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

அலைத்தடுப்புச் சுவரில் ஏற்கெனவே நாலைந்து பெண்கள். குளச்சலில் மீன் கூடையோடு நிற்போம், இங்கே காப்பிக் கோப்பையோடு நிற்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். பதினோரு பேரோடு போன படகு திரும்பி உள்ளே வந்தது. நான் வழக்கம் போல எண்ண ஆரம்பித்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. கடற்கரையில் பிறந்தவர்களுக்கு இது தானாக வரும். படகு வந்தால் முதலில் முகம் தேட மாட்டோம். மேல்தட்டில் தலையை எண்ணுவோம். போனவர் எத்தனை, வந்தவர் எத்தனை. அது சரியாக இருந்தால்தான் நம்மாளைத் தேடவே மனசு வரும்.

பக்கத்தில் ஏதோ முணுமுணுப்புக் கேட்டது. திரும்பினேன். நேரேயா உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் பாஷையில். ஆன்றோ படகின் முன்னால், அணியத்தில் நின்று இரண்டு கையையும் ஆட்டிக் குதிக்கிறான், அவள் அவனைப் பார்க்கவே இல்லை. விரல் ஒவ்வொன்றாக மடங்கியது. நான் பதினொன்றில் நின்றபோது அவளும் நின்றாள். இருவரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம். அதற்கு அப்புறம்தான் அவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

பெட்டியின் அடியில் மடித்து வைத்த வார்த்தை அந்த இடத்தில்தான் நமுத்துப்போனது. குழித்துறைப் பெண் நல்ல பெண்தான், சந்தேகமில்லை. அவளுக்கு ஆற்றங்கரை தெரியும். எங்கள் வீட்டுக்குக் கடல் தெரிந்தவள் வேண்டும். ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. கரைக்கு வந்த ஆன்றோ, "எக்கா, எப்படி?" என்று கண்ணாலேயே கேட்டான். "பாப்போம்," என்றேன். நாத்தனாருக்கும் ஒரு மரியாதை வேண்டாமா?

மூன்றாம் நாள் முழுக்கச் சாப்பாடு. இந்த ஊர் நெத்திலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாம் காய வைக்கிறோம், அவர்கள் மாதக்கணக்கில் உப்பில் புதைத்து, பிறகு முள்ளெடுத்து, எண்ணெயில் போடுகிறார்கள். அடுப்பே காணாத மீன். மிரேன் முப்பது வருடம் அந்தக் கம்பெனியில் முள்ளெடுத்தவள். ஒரு துண்டை ரொட்டியில் வைத்து நீட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டேன். கண்ணைத் திறந்தபோது தட்டு காலி. பதிலுக்கு நான் கொண்டுபோன நெத்திலிக் கருவாட்டை வறுத்தேன். வாடை நாலு மாடியும் ஏறியது. மேல்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து ஏதோ கத்தினார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். "அது என்ன, எனக்கு உண்டான்னு கேக்காரு," என்றான் ஆன்றோ.

நேரேயா என்ற பெயரின் அர்த்தத்தையும் அன்றைக்குத்தான் கேட்டேன். "என்னோடது" என்று அர்த்தமாம். அவள் அப்பா வைத்த பெயர். பிள்ளை பிறந்தபோது அவர் தூரக் கடலில் இருந்திருக்கிறார். மூன்று மாதம் கழித்து வந்து, தூக்கி வைத்துக்கொண்டு, "நேரேயா, நேரேயா" என்று சொன்னாராம். அதுவே பெயராகிவிட்டது.

அந்த அப்பாவோடு நான் இன்னும் சரியாகப் பழகவில்லை. ஷபியேர் என்று பெயர். எங்கள் கரைக்கு வேதம் கொண்டுவந்த புனித சவேரியாரின் பெயரில் வீட்டுக்கு வீடு இருக்கிற சேவியர்தான் அவர்கள் வாயில் ஷபியேர். பேசாத மனிதர். மூன்று நாளாக என்னை ஓரக்கண்ணால் பார்ப்பார், நான் பார்த்தால் கடலைப் பார்ப்பார். தன் மகளை ஏழு கடலுக்கு அப்பால் இழுத்துப் போக வந்தவளோ என்று அவருக்குப் பயம். அவர் ஆன்றோவை வாரிக்கொண்டுவிட்டார் என்று நாங்கள் பயந்த மாதிரியேதான்.

நாலாம் நாள் மதியம் எங்களை அவருடைய சங்கத்துக்குச் சாப்பிட அழைத்தார். இந்த ஊர் ஆண்கள் கூட்டாக ஓர் இடம் வைத்துக்கொண்டு, அங்கே தாங்களே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். நான் உதவலாம் என்று அடுப்பங்கரைப் பக்கம் போனேன். மிரேன் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். பெண்கள் உள்ளே போகக்கூடாது என்பது அந்தச் சங்கத்தின் பழைய சட்டமாம். பெண்கள் அடுக்களையை விட்டு வெளியே வரக்கூடாது என்று ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். உள்ளே போகக்கூடாது என்று கேட்டது வாழ்க்கையில் அன்றுதான். காலை நீட்டி உட்கார்ந்தேன். இந்தச் சட்டத்தைக் குளச்சலுக்கு எப்படியாவது கொண்டுபோக வேண்டும்.

வாசலில் இருந்தே எட்டிப் பார்த்தேன். சூரையும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பு. ஷபியேர் கிழங்கை நறுக்கவில்லை. கத்தியைப் பாதி இறக்கி, திருகி, உடைத்துப் போட்டார். அப்படி உடைத்தால்தான் மாவு இறங்கிக் குழம்பு கெட்டியாகும். மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி, என்றால் என் அம்மாவும் இதைத்தான் செய்வாள். குழம்பில் புளிப்பு மட்டும் போதவில்லை என்று பட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

குழம்பு மேசைக்கு வந்த பிறகுதான் ரொட்டி இல்லாதது தெரிந்தது. ஆன்றோவும் நேரேயாவும் வாங்கி வர ஓடினார்கள். மேசையில் நான், மிரேன், ஷபியேர், அவருடைய கூட்டாளிக் கிழவர்கள் நாலு பேர். தமிழும் இங்கிலீஷும் வாசலைத் தாண்டிப் போய்விட்டன.

ஷபியேர் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார். வாசல் பக்கம், மகள் போன திசையைக் காட்டி, "நேரேயா," என்றார். பிறகு தன் நெஞ்சில் கை வைத்து, மெதுவாக, மறுபடி "நேரேயா," என்றார். என்னோடது. அந்தக் கையை அப்படியே எடுத்து, மேசைக்கு மேலே நீட்டி, என் பக்கம் காட்டினார். புருவத்தை உயர்த்தி ஏதோ ஒரு சொல் கேட்டார். சொல் புரியவில்லை. கேள்வி புரிந்தது. இவள் என்னுடையவள். இனி உங்களுடையவளும்தானா?

சம்மதம் சொல்லும் நேரம் இதுதான். 'பாய்' என்றால் அவர்கள் பாஷையில் ஆமாம் என்பது எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் கல்யாணக் காரியத்துக்குச் சம்மதம் கேட்கும்போது, 'போயிட்டு வாறேன்' என்கிற வார்த்தையைச் சொல்ல எந்தக் குளச்சல்காரிக்கு நாக்கு வளையும்? நல்ல காரியம் நடக்கிற இடத்தில் 'பாய்' சொல்வதா? சகுனம் என்னாவது? என் கையில் இருந்த மற்ற வார்த்தையை எடுத்தேன்.

"எஸ்!" என்றேன்.

ஷபியேரின் கை கீழே விழுந்தது. மிரேன் வாயைப் பொத்தினாள். சரியாகக் கேட்கவில்லை போல என்று நான் எழுந்து நின்று, நெஞ்சில் அடித்து, உரக்க, "எஸ்! எஸ்! எஸ்!" என்றேன். மிரேன் சிலுவை போட்டுக்கொண்டாள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். ஷபியேர் உட்கார்ந்து, குழம்புச் சட்டியை மூடிவைத்தார். நான் எவ்வளவுக்கு எவ்வளவு அழுத்திச் சொன்னேனோ அவ்வளவுக்கு அவ்வளவு அவர் முகம் செத்துப்போனது. அந்த முகத்தைப் பார்த்து எனக்கும் அழுகை வந்துவிட்டது.

ரொட்டியோடு திரும்பி வந்தவர்கள் இழவு வீட்டுக்குள் நுழைந்த மாதிரி நின்றார்கள். மிரேன் ஏதோ சொன்னாள். ஆன்றோவின் கையிலிருந்து ரொட்டி நழுவியது.

"எக்கா... வேண்டாம்னு சொல்லிட்டியா?"

"வேண்டாம்னா? யாருல சொன்னா? எஸ்ஸுன்னுல்லா சொன்னேன்! தொண்டை கிழிய மூணு வாட்டி சொன்னேன்!"

நேரேயாதான் முதலில் சிரித்தாள். சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "மக்கா," என்றாள் கண்ணைத் துடைத்தபடி, "இங்க எஸ்னா... இல்ல! வேண்டாம்!"

அப்படியானால் அந்த ரயில் கிழவர்? 'பெர்மியோ?' என்று நான் கேட்க, 'இல்லை, இல்லை' என்று சொல்லி, இறங்கிய பிறகும் கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கூப்பிட்ட அந்தப் புண்ணியவானையா நான் அந்தப் பேச்சுப் பேசினேன்?

அவருக்காக ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். நான் மேசையைச் சுற்றி ஓடினேன். ஷபியேரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். சகுனமாவது ஒன்றாவது.

"பாய்!" என்று கத்தினேன். "பாய்! பாய்! பாய்!"

அந்தப் பேசாத மனிதர் என்னைக் கட்டிப்பிடித்துக் குழந்தை போல அழுதார். நாலு கிழவர்களும் மேசையைத் தட்டி, "பாய்! பாய்!" என்று முழங்கினார்கள். யாரோ ஒயினை ஊற்றினார்கள். நான் நேராக அடுக்களைக்குள் நுழைந்து, ஷபியேருக்குக் கொடுக்கப் பையில் கொண்டுவந்திருந்த குடம்புளியில் இரண்டு சுளை எடுத்துக் குழம்பில் போட்டுக் கொதிக்க விட்டேன். சங்கத்துச் சட்டத்தை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. இரண்டாவது தடவை எல்லோரும் போட்டுச் சாப்பிட்டார்கள்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். எண்ணிய கதை, எஸ் கதை எல்லாம் சொன்னேன். "அப்பன் பேரு என்னட்டி?" என்றாள். "சேவியரும்மா." "சேவியருன்னு மொதல்லயே சொல்லியிருந்தா ஒனக்கு டிக்கெட்டே எடுத்திருக்க வேண்டாமே. செரி, குழித்துறைக்கு நான் பேசிக்கிடுதேன். அவளுக்கு மஞ்ச சேல வாங்கவா, செவப்பா?"

ஆறாம் நாள் ஸ்டேஷனுக்கு எல்லோரும் வந்தார்கள். மிரேன் டப்பா டப்பாவாக நெத்திலி கட்டியிருந்தாள். நேரேயா என் கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு நாளாக ஆன்றோ உருப்போட வைத்ததைத் திக்கித் திக்கிச் சொன்னாள்: "எக்கா, போயிட்டு வாருங்க." எனக்கு அது பிடிக்கவில்லை. "மக்கான்னே சொல்லு, கேட்டியா?" என்றேன்.

ரயில் நகர்ந்தது. நான் ஜன்னலில் கையை ஆட்டி, சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும், "பாய்! பாய்!" என்றேன். ஷபியேர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ரயிலோடு கூடவே வேகமாக நடந்து வந்து, "எஸ்! எஸ்!" என்று கத்தினார்.

அது அவர் ஊர் எஸ்ஸா, என் ஊர் எஸ்ஸா என்று கேட்க நேரம் இல்லை. எதுவானாலும் எனக்குச் சம்மதம்தான்.